‘தெரியாது’ என்ற விடைக்கு எத்தனை மதிப்பெண்?

போன வாரம் இரண்டு இளம் தமிழாசிரியைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்போது இருப்பவர்கள். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து நேராக வந்திருந்ததால் கை விரலெல்லாம் சிவப்பு மை. காபியை ஆற்றிக்கொண்டே ஒருத்தி கேட்டாள்.

“அம்மா, விடைக்குறிப்புல இல்லாத ஒண்ண ஒரு பிள்ள எழுதியிருக்கு. ஆனா படிச்சா தப்புன்னு சொல்ல முடியல. மார்க் போடலாமா?”

“போட்டுட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?” என்றாள் மற்றவள்.

போடலாம், பதிலும் சொல்லலாம் என்றேன். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். பேருந்து நேரம் வந்தும் எழுந்திருக்காமல் கேட்டார்கள். போகும்போது, இதை எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன்.

புலவர் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் அழைப்புக்குச் சில வருடம் காத்திருந்து, முதல் வேலை கிடைத்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலை உண்டு உறைவிடப் பள்ளியில். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். தியாகதுருகத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மலை என்றால் ஊருக்குப் பின்னால் நிற்கும் கோட்டைக் குன்றுதான். வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறியவள் பாதி வழியில் வாந்தி எடுத்தேன். மூன்றாம் மாதத்தில் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போய்வரப் பழகிவிட்டேன்.

அங்கே நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். துணைப்பாடத்தில் ஒரு கதை நடத்திக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து கேட்டவர், முடிந்ததும் எழுந்து வந்து கரும்பலகையைப் பார்த்தார்.

“கதையோட நீதியை ஏன் எழுதிப் போடல?”

“பிள்ளைங்க இன்னும் அதைப் பத்திப் பேசிட்டு இருக்காங்க, சார்.”

“என்ன பேசுறது? நீதி ஒண்ணுதானே?”

ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் எழுதவில்லை என்றேன். அவர் தம் குறிப்பில் ‘ஆசிரியைக்குப் பாடத்தில் தெளிவு போதாது’ என்று எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் கவலைப்பட்டார். எனக்குக் கவலையே வரவில்லை. அந்தக் கதையை நான் பத்துத் தடவையாவது படித்திருந்தேன். தெளிவு இல்லாதது எனக்கா கதைக்கா என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மாறுதல் கிடைத்தபோது, இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தில் சூடு பிடித்திருந்தது. மறியல் அறிவித்தால் சாலையோரப் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே சாயும். பேருந்துகள் பணிமனையைத் தாண்டாது. யாருக்கு எத்தனை இடம், யார் பிள்ளை எந்த மார்க்கில் உள்ளே போனான், யார் பிள்ளை எந்த மார்க்கில் வெளியே நின்றான் என்பதுதான் டீக்கடையிலும் ஆசிரியர் அறையிலும் பேச்சு. அப்படிப்பட்ட காலத்தில் விடைத்தாள் திருத்துவது சாதாரண வேலை இல்லை. நாங்கள் போடும் அரை மதிப்பெண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது, மார்ச்சில் தவறியவர்கள் மறுபடி எழுதும் துணைத்தேர்வின் முகாம். கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய பள்ளியின் நீள வகுப்பறையில் நடந்தது. ஒரு மேசைக்கு ஒரு முதன்மைத் தேர்வாளர், அவருக்குக் கீழே நாங்கள் சில உதவித் தேர்வாளர்கள். காலையில் கட்டு வரும். முடிச்சைப் பிரிப்பதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். தாள்கள் வேறு மாவட்டத்திலிருந்து வருபவை. மேலே எண் மட்டும் இருக்கும், பெயரோ பள்ளியோ ஊரோ இருக்காது. எங்களுக்குச் சிவப்பு மை, முதன்மைத் தேர்வாளருக்குப் பச்சை மை. தேர்ச்சியை ஒட்டி நிற்கும் தாள் எதுவானாலும், மேலே நின்றாலும் கீழே நின்றாலும், அவர் பார்வைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

எங்கள் மேசைக்குக் கனகசபை ஐயா. பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்த தலைமையாசிரியர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் விடைக்குறிப்பு. நாற்காலியில் உட்கார மாட்டார். எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். மேசை மேல் டீத் தம்ளர் வைத்தால் ஒன்றும் சொல்லாமல் தானே எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் மேல் வைத்துவிட்டு வருவார். நல்ல திருத்தம் என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. ஒரு மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் தாளை நம் முன்னால் வைத்து, விரலை அந்த எண் மேல் ஊன்றி, “இது எந்த வரிக்கு?” என்று கேட்பார். விடைக்குறிப்பில் எந்த வரிக்கு இந்த மதிப்பெண் என்று அர்த்தம். காட்டினால் நகர்ந்துவிடுவார். காட்ட முடியாவிட்டால் பச்சை மை விழும். நாள் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அது எங்கள் கனவிலும் வந்தது.

என் பக்கத்து நாற்காலியில் தண்டபாணி. அவரும் தியாகதுருகத்துக்காரர்தான், சைக்கிளில் வந்துபோவார். குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில் முதலில் படித்தவர். அவருடைய தம்பி மறியலில் கைதாகி அப்போதுதான் ஜாமீனில் வந்திருந்தான். தண்டபாணிக்குத் திருத்துவதில் ஒரே கொள்கை, விடைக்குறிப்புத்தான் தராசு. தராசைக் கை வைத்து ஆட்டினால் ஏமாறுவது எப்போதும் தன் மாதிரிப் பிள்ளைகள்தான் என்பார்.

துணைப்பாடக் கேள்வி ஐந்து மதிப்பெண்ணுக்கு. கதை இதுதான். ஒரு மாந்தோப்பில் காவல்காரரும் அவருடைய சிறு மகளும் குடிசையில் இருக்கிறார்கள். அப்பா கையில் தடியோடு தோப்பைச் சுற்றிவந்தால் கிளி, அணில் எல்லாம் ஓடும். அதனால் தோப்பு அப்பாவுடையது என்று சிறுமி நினைத்திருக்கிறாள். ஒரு நாள் காரில் ஒருவர் வருகிறார். விருந்தாளி என்று எண்ணி, விழுந்து கிடந்த நல்ல பழம் ஒன்றை எடுத்துப் போய், “எங்கள் தோப்புப் பழம், சாப்பிடுங்கள்” என்று கொடுக்கிறாள். வந்தவர்தான் தோப்புக்காரர். அவர் சிரிக்கிறார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் அப்பாவும் சிரிக்கிறார். அப்படி ஒரு சிரிப்பைச் சிறுமி அப்பாவிடம் பார்த்ததில்லை. கார் போனபின் அப்பா வழக்கம்போலத் தடியை எடுத்துக்கொண்டு, தோப்பைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறார். சிறுமி குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கதை முடிந்தது.

கேள்வி: ‘சிறுமி இறுதியில் அறிந்துகொண்டது என்ன?’ விடைக்குறிப்பு: ‘பிறர் பொருளைத் தம்முடையதாக எண்ணுதல் தவறு என்பதை அறிந்தாள்.’ அதை ஒட்டி நாலைந்து வரிகள். கடையில் விற்கும் நோட்ஸிலும் அதேதான். பிள்ளைகளும் அதையே எழுதியிருந்தார்கள். நாங்களும் மளமளவென்று மதிப்பெண் போட்டுக்கொண்டே போனோம்.

கடைசிக்கு முந்தின கட்டில் அந்தத் தாள் வந்தது. செய்யுள் மனப்பாடப் பகுதி முழுக்க வெறுமை. இலக்கணத்தில் பாதி இல்லை. எழுத்துப் பிழைகள் ஏராளம், ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடந்தன. ஏனோதானோ என்று புரட்டிக்கொண்டிருந்தவள் துணைப்பாட விடையில் நின்றேன். அதை இன்றும் சொல்ல முடியும். பிழைகளை நீக்கிச் சொல்கிறேன்.

‘தோப்பு அப்பாவுடையது இல்லை என்று தெரிந்துகொண்டாள். அது பெரிசு இல்லை. தனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அதற்காகக் கதவைச் சாத்தினாள். உள்ளே போய் அழுதாளா என்று கதையில் இல்லை. கதை எழுதியவர் வெளியிலேயே நின்றுவிட்டார். அதனால் அவள் வேறு என்ன தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது.’

இரண்டு முறை படித்தேன். அந்தக் கதையை வருடக்கணக்காக நடத்தியவள் நான். கதவு ஏன் சாத்தப்பட்டது என்று நான் யோசித்தது உண்டு. எழுதியவர் வெளியே நின்றார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நாலு போட்டேன். கூட்டிப் பார்த்தால் அந்த நாலோடு சரியாகத் தேர்ச்சி. அந்த நாலு இல்லாவிட்டால் தவறிய தாள்.

தேர்ச்சியின் விளிம்பில் நின்றதால் தாள் ஐயாவிடம் போனது. சிறிது நேரத்தில் என் முன்னால் திரும்பி வந்தது. அவருடைய விரல் நாலின் மேல் இருந்தது.

“இது எந்த வரிக்கு, டீச்சர்?”

“விடைக்குறிப்புல இல்லைங்க ஐயா. கதையில இருக்குது.”

முகாமில் அவருக்கு அப்படி யாரும் பதில் சொன்னதில்லை. தண்டபாணி பேனாவை மூடிவிட்டு என் பக்கம் எட்டிப் படித்தார்.

“தெரியாதுன்னு எழுதிக்குது. தெரியாதுன்னு எழுதுனா சைபர்தானே?”

“முழுசாப் படிங்க சார். எது வரைக்கும் தெரியும், எங்கேருந்து தெரியாதுன்னு சொல்லிட்டுத்தான் நிறுத்தியிருக்குது.”

“டீச்சர், நான் ஒண்ணு கேக்கறேன். எங்க பக்கத்துப் புள்ள ஒண்ணு, வரப்புல உக்காந்துகினு நோட்ஸ மனப்பாடம் பண்ணி எழுதுது. அதுக்கும் நாலு. இதுக்கும் நாலு. நாளைக்கு ஒரு வாத்தியாரு தனக்குப் புடிச்ச மாதிரி எழுதுனான்னு இன்னொருத்தனுக்கு அஞ்சு போடுவாரு. யாருக்குப் போடுவாரு? யோசிச்சிப் பாருங்க. ஒரு மார்க்குல எங்க தலமொறையே வெளில நின்னுக்கினு இருக்குது.”

அவர் சொன்னது பொய் இல்லை. ஐயா குறுக்கிட்டார்.

“கதையில இருக்குன்னு டீச்சர் சொல்றாங்க. கதையைக் கொண்டாங்க.”

பள்ளி நூலகத்திலிருந்து துணைப்பாட நூல் வந்தது. ஐயா அதைத் தண்டபாணியிடம் நீட்டினார். “நீங்க படிங்க. உங்களுக்குத்தான் குரல் நல்லாயிருக்கு.” மேசையில் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்தோம்.

தண்டபாணி நன்றாகப் படித்தார். சிறுமி பழத்தை நீட்டும் இடத்தில் எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டும் வரியில் அவர் குரல் சற்று மெதுவானது. அப்பா சிரிக்கும் வரியைப் படித்தவர் நிறுத்தி, திரும்பவும் அதே வரியைப் படித்தார். பிறகு முடிவு வரை போனார். நூலை மூடவில்லை. விடைக்குறிப்பை எடுத்து நூலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஐயா, இந்தக் குறிப்பு தப்பு.”

“எந்த வரி?”

“பிறர் பொருளுன்றாங்களே. அது பிறர் பொருளுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியவே தெரியாதே. தெரியாம, மனசாரக் குட்த்துச்சி. இதுல அது பண்ண தப்பு இன்னா இருக்குது?” கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் சொன்னார். “எங்கப்பாவும் இப்டி சிரிச்சிப் பாத்திருக்கறேன். வூட்டுக்கு வந்தப்புறம் நான் பாக்காத மாதிரிதான் இருந்தேன்.”

ஐயா ஜன்னல் வரை போய்த் திரும்பினார். விடைக்குறிப்பை மாற்றும் அதிகாரம் சென்னையில் இருப்பவர்களுக்குத்தான் உண்டு. அலுவலக அறைக்குப் போய் டெலிபோனில் சென்னைக்கு டிரங்கால் போட்டுப் பார்த்தார். கம்பி எங்கோ அறுந்து கிடந்தது. நாளை மறியல், இன்று மதியத்தோடு பேருந்து நின்றுவிடும் என்ற செய்தியோடு திரும்பி வந்தார். பிறகு அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விடைக்குறிப்பில் அந்தக் கேள்விக்கு நேரே, பச்சை மையில், ‘கதைக்குப் பொருந்தும் பிற விடைகளுக்கும் மதிப்பெண் அளிக்க’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நாலு நிக்கட்டும்.”

“எழுத்துப் பிழைக்குத்தான் ஒண்ணு கொறச்சேங்க ஐயா” என்றேன். அவர் தலையசைத்தார்.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். தண்டபாணி விடவில்லை.

“அப்டின்னா இது ஒண்ணுக்கு மட்டும் போட்டா ஞாயம் இல்லீங்க. இத்தினி நாளா நாம திருத்துன கட்டெல்லாம் பிரிக்கணும். இதே மாதிரி எழுதி நாம அடிச்சது எவ்ளோ இருக்குதோ. நோட்ஸ பாத்து எழுதுன புள்ளைங்களுக்கும் கொறைக்கக் கூடாது. தப்பு அதுங்க மேல இல்ல.”

மேசையில் முனகல் எழுந்தது. மதியத்தோடு பேருந்து நின்றுவிடும். சங்கராபுரம் போக வேண்டியவர் ஒருவர் பையைத் தோளில் மாட்டிவிட்டிருந்தார். ஐயா எங்களைப் பார்த்தார், கட்டளை போடவில்லை. நான் எழுந்துபோய் முதல் கட்டை எடுத்துவந்து முடிச்சை அவிழ்த்தேன். பை மாட்டியவர் பையைக் கழற்றினார். அந்த ஒரு கேள்விக்காக எங்கள் மேசையின் அத்தனை தாள்களையும் மறுபடி பார்த்தோம். சோறு இல்லை, ஜன்னல் மேல் வைத்த டீயும் பொறை ரொட்டியும்தான். நாங்கள் சைபர் போட்டிருந்த விடைகளில் சில, கதையை ஒழுங்காகப் படித்த பிள்ளைகள் எழுதியவை. அவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டோம். ஒவ்வொன்றிலும் ஐயா பச்சை மையில் கையெழுத்திட்டார். பக்கத்து மேசைக்காரர்களும் எங்களைப் பார்த்துக் கட்டுகளைப் பிரித்தார்கள்.

சில மாதம் கழித்து ஐயாவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கதையின் பக்கத்தையும் விடைக்குறிப்பையும் ஒன்றாக வைத்து அனுப்பினார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் நாங்கள் பார்த்த விடைக்குறிப்புகளில் ‘பொருந்தும் பிற விடைகளும் ஏற்கத்தக்கவை’ என்ற வரி அச்சிலேயே வந்தது. எங்களால்தான் வந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

அன்று முகாம் முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பேருந்து இல்லை. தியாகதுருகம் வரை நடக்க வேண்டியதுதான். தண்டபாணி தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார். வழி நெடுக எங்களுக்குள் வாக்குவாதம். மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும் என்றார் அவர். அதனால்தான் உடனே தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார் என்றார். தெரியாது என்றேன் நான். தெரிந்திருந்தால் அந்தத் தடியை எடுத்திருக்கவே முடியாது.

பாதி தூரத்தில் சாலையின் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“யாருங்க? எங்க போய்க்கினு இருக்கீங்க?”

“தியாகதுருகம். வாத்தியாருங்க. பரீட்ச பேப்பர் திருத்திட்டு வர்றோம்” என்றேன்.

“அதுக்கு இன்னாத்துக்கு சண்ட போட்டுக்கினு வர்றீங்க?”

தண்டபாணி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கதையைச் சொன்னார். கதை எல்லாப் பள்ளியிலும் நடத்துவதுதான், அதைச் சொல்வதில் தவறில்லை. விடைத்தாள் விஷயத்தை அவர் தொடங்கியபோது நான் கண்ணால் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆனால் கேட்டவர்கள் கேட்ட விதத்தில், முகாம் விஷயம் வெளியே பேசக் கூடாது என்பதை நானும் மறந்துவிட்டேன். தோப்புக்காரர் சிரித்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“அப்பங்காரனும் சிரிச்சானா?” என்றான் ஒரு இளைஞன்.

“சிரிச்சாரு.”

“அப்புறம்?”

“கதவ சாத்திக்கினா. அவ்ளோதான் கதை.”

“உள்ள போயி இன்னா பண்ணா?” என்றார் பெரியவர்.

“அது எழுதல. அதான் ஒரு புள்ள எனக்குத் தெரியாதுன்னு எழுதிட்ச்சி. மார்க் போடலாமா கூடாதான்னு காலைலேருந்து சண்ட. போட்டுட்டோம். பாஸ் ஆயிட்ச்சி.”

“யாரு வூட்டுப் புள்ள?”

அந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். மரத்தின் மேல் இருந்த எல்லோரும் தண்டபாணியைப் பார்த்தார்கள்.

“தெரியாது. வெறும் நம்பர்தான் இருக்கும்.”

“நம்ம புள்ளயா இருக்குமா?”

“இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்.”

பெரியவர் வழியை அடைத்த கிளை ஒன்றைப் பிடித்தார். பிறகு இளைஞனுக்குக் கைகாட்ட, இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். தண்டபாணி சைக்கிளை அடியில் நுழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நான் குனிந்து நுழையும்போது பெரியவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்தப் புள்ள பாஸானது நெசந்தானே, டீச்சர்?”

“நெசந்தாங்க” என்றேன். “நாலு மார்க்கு. நாந்தான் போட்டேன்.”